உபுண்டு ஸ்டூடியோ: கலைஞர்களுக்கான இலவச ஓ.எஸ்... தாங்கிப் பிடிப்பது யார்?

வீட்டிலேயே மைக் வைத்துப் பாட்டு பதிவு செய்பவர், வீடியோ எடிட் செய்பவர், டேப்லெட்டில் ஓவியம் வரைபவர்... இவர்கள் எல்லோருக்கும் பெரிய தலைவலி சாஃப்ட்வேர் சந்தா. ஒரு ரூபாய்கூட வாங்காமல் மொத்த ஸ்டூடியோவையும் கம்ப்யூட்டரில் இறக்கித் தருகிறது, உபுண்டு ஸ்டூடியோ. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டதால், 'பழைய லேப்டாப்பை என்ன பண்றது?' என்று யோசிப்பவர்களும் இதன் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள்.

இலவசம் சரி. இதைப் பராமரிப்பது யார்? பதில் தெரியாமல் மாறினால் சிக்கல். காரணம், 2019-ல் இந்த ஓ.எஸ் தன் அதிகாரபூர்வ அந்தஸ்தையே இழக்கும் நிலைக்குப் போனது.

உபுண்டு ஸ்டூடியோ என்றால் என்ன?

உபுண்டு, கனோனிக்கல் நிறுவனம் வெளியிடும் லினக்ஸ். அதே அடித்தளத்தில் வேறு தேவைகளுக்காகத் தன்னார்வலர்கள் உருவாக்கும் வடிவங்களை 'ஃபிளேவர்' என்கிறார்கள். அப்படி 2007 மே மாதம் வந்ததுதான் உபுண்டு ஸ்டூடியோ. இசைப்பதிவுக்கு ஆர்டர், வீடியோவுக்கு கேடென்லைவ், ஓவியத்துக்கு கிருத்தா, புகைப்படத்துக்கு கிம்ப், 3டி அனிமேஷனுக்கு பிளெண்டர் என எல்லாம் இதோடு சேர்ந்தே வரும். இவை ஒன்றும் பொழுதுபோக்குக் கருவிகள் இல்லை. 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா இயக்குநரின் 'ஃப்ளோ', பிளெண்டரில் உருவான படம்.

சாதாரண உபுண்டுவில் இதெல்லாம் போட முடியாதா?

முடியும். வித்தியாசம் செட்டிங்கில் இருக்கிறது. கிட்டார் கம்பியை மீட்டுகிறீர்கள். அந்த ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்பி வரக் கொஞ்சம் நேரம் ஆகும். இதுதான் 'லேட்டன்சி'. நொடிக்கு 48,000 சாம்பிள் வீதம் பதியும்போது, 1,024 சாம்பிளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பினால் அதற்கே சுமார் 21 மில்லி செகண்ட் போய்விடும். வாசிப்பவருக்குத் தாளம் இடறும். 256 சாம்பிள் என்றால் 5 மில்லி செகண்டுதான். ஆனால், அந்தக் குறுகிய நேரத்துக்குள் கம்ப்யூட்டர் வேலையை முடிக்காவிட்டால் ஒலி வெட்டும், 'டப் டப்' என்று இரைச்சல் வரும்.

அப்படி ஆகாமல் இருக்க கெர்னல், ஆடியோ சர்வர், அனுமதிகள் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி முன்கூட்டியே அமைத்துத் தருவதுதான் உபுண்டு ஸ்டூடியோவின் வேலை. அதைச் செய்ய ஆள் வேண்டும்.

2019-ல் என்ன நடந்தது?

பிரச்னை அதற்கு முந்தைய ஆண்டே தெரிந்தது. உபுண்டுவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 'எல்.டி.எஸ்' எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும். ஃபிளேவர்களுக்கு இது வழக்கமாக 3 ஆண்டு. 2018 ஏப்ரலில் வந்த 18.04, உபுண்டுவுக்கு எல்.டி.எஸ். உபுண்டு ஸ்டூடியோவுக்கோ 9 மாத ஆதரவு மட்டுமே அறிவிக்கப்பட்டது. குழுவின் தலைமை மாறிக்கொண்டிருந்த நேரம் அது. 3 ஆண்டுக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை.

2019 மார்ச்சில் நிலைமை இன்னும் மோசமானது. உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் பேக்கேஜ்களை ஏற்றும் உரிமை, குழுவில் செயல்பட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமும் இல்லை. அந்த உரிமை உள்ளவர் இல்லாவிட்டால் அதிகாரபூர்வ ஃபிளேவராக நீடிக்க முடியாது. ஏப்ரலில் எரிக் ஐக்மேயர், ராஸ் காமன் ஆகிய இரண்டு பேருக்கு உரிமை கிடைத்தது. ஆபத்து நீங்கியது.

கவனிக்க வேண்டியது இதுதான்: பணமோ, பயனர்களோ இல்லாமல் போனதால் வந்த நெருக்கடி இல்லை இது. சாவி வைத்திருக்கும் ஆள் இல்லாமல் வந்தது.

அதன் பிறகு?

வேலை வேகமெடுத்தது. 2020 அக்டோபரில் வந்த 20.10 பதிப்பில் எக்ஸ்.எஃப்.சி.இ டெஸ்க்டாப்பை விட்டு கே.டி.இ பிளாஸ்மாவுக்கு மாறினார்கள். கலர் மேனேஜ்மென்ட், பேனா டேப்லெட் ஆதரவு அதில் மேம்பட்டது என்பது முக்கியக் காரணம். இதற்கு ஒரு விலையும் இருந்தது: 20.04-லிருந்து நேரடியாக அப்கிரேடு செய்ய வழியில்லை, புதிதாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும். பிறகு ஆடியோவுக்கு பைப்வயர் வந்தது. 2024 அக்டோபரின் 24.10 முதல் தனி லோ-லேட்டன்சி கெர்னல் இல்லை. உபுண்டுவின் பொது கெர்னலையே பூட் செட்டிங் மூலம் அதற்கேற்ப இயக்குகிறார்கள்.

ஆனால், கை எண்ணிக்கை பிரச்னை தீர்ந்துவிட்டதா? நின்றுபோயிருந்த எஜுபுண்டு என்ற கல்விக்கான ஃபிளேவர் 2023 ஏப்ரலில் மீண்டும் வந்தது. அதை முன்னெடுத்தவர் எரிக்கின் மனைவி ஏமி ஐக்மேயர். தொழில்நுட்பப் பக்கம் எரிக். நல்ல செய்திதான். ஆனால் இரண்டு ஓ.எஸ் ஒரே வீட்டின் தோளில் நிற்கிறது என்பதும் உண்மை.

ஒருவேளை நின்றுபோனால்?

உங்கள் பாட்டும் படமும் காணாமல் போகாது. ஆர்டர், கிருத்தா, பிளெண்டர் எல்லாமே தனித்தனிக் குழுக்களின் தயாரிப்புகள். வேறு லினக்ஸிலும் ஓடும். போவது, எல்லாம் பொருந்தி உட்கார்ந்த அந்த செட்டிங். அதை நீங்களே உட்கார்ந்து சரி செய்ய வேண்டியிருக்கும்.

மாற நினைப்பவர்கள் என்ன செய்யலாம்?

* பிழைப்பே இதில்தான் என்றால் எல்.டி.எஸ் பதிப்பை மட்டும் எடுங்கள். 2024 ஏப்ரலில் வந்த 24.04-க்கு 3 ஆண்டு ஆதரவு. இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதம்தான்.
* வேலை ஃபைல்களைத் தனி டிரைவில் வையுங்கள். மறுபடி இன்ஸ்டால் செய்ய நேர்ந்தால் பதற்றம் இருக்காது.
* ஏற்கெனவே உபுண்டு வைத்திருந்தால், உபுண்டு ஸ்டூடியோ இன்ஸ்டாலர் மூலம் தேவையான கருவிகளையும் செட்டிங்கையும் அதன் மேலேயே சேர்க்கலாம்.
* கோடிங் தெரியாவிட்டாலும் உதவலாம். வெளியீட்டுக்கு முந்தைய பீட்டாவை உங்கள் சவுண்ட் கார்டில், உங்கள் டேப்லெட்டில் ஓட்டிப் பார்த்துப் பிழை இருந்தால் புகார் பதியுங்கள். எல்லா ஹார்டுவேரையும் வாங்கிச் சோதிக்க இரண்டு மூன்று பேரால் முடியாது.