லயத்துக்குப் பின்னால் உள்ள பாத்தி யாருக்குச் சொந்தம்?



சம்பளம், நிறை, பேர், சேமலாப நிதி. இந்தப் பத்திரிகையில் நாம் வழக்கமாகப் பேசும் விடயங்கள் இவை. இம்முறை எங்கள் டிவிசன் மாதர் கமிட்டி வேறொன்றைப் பேச விரும்புகிறது. லயத்துக்குப் பின்னால், வாய்க்காலுக்கும் தேயிலை மலைக்கும் நடுவே நாம் கொத்திப் போட்டிருக்கும் மரக்கறிப் பாத்தியைப் பற்றியும், அங்கே நமக்குக் கிடைக்கும் சந்தோசத்தைப் பற்றியும் பேசப் போகிறோம். "இதெல்லாம் சங்கத்துக் கதையா?" என்று சிலர் கேட்கலாம். சங்கத்துக் கதைதான். வாசித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

காலையில் நாலரைக்கு எழும்புகிறோம். ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பெரிய பிள்ளைகளைப் பாடசாலைக்கும் சின்னதைப் பிள்ளைக்காம்பராவுக்கும் அனுப்பிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறோம். பின்னேரம் கடைசி நிறை போட்டு வரும்போது கூடைக் கயிறு அழுத்திய இடம் தலையில் விண்விண் என்று வலிக்கிறது. படுத்தால் போதும் என்றுதான் உடம்பு சொல்கிறது. ஆனாலும் ஒரு தேத்தண்ணி குடித்த கையோடு நம்மில் பலர் போவது பாத்திக்குத்தான். ஒரு நாள் முழுக்க மண்ணிலும் மழையிலும் நின்றவர்கள் மறுபடியும் ஏன் மண்ணுக்கே போகிறோம்?

எங்கள் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்தோம். ஒரு சகோதரி சொன்னார்: "அங்கே என் வேலையை யாரும் நிறுத்துப் பார்க்க மாட்டாங்க." அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாத்தியில் கிலோ குறைந்தது என்று அரைப்பேர் போட ஆள் இல்லை. எந்த நிரையில் நிற்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. போஞ்சியா, லீக்ஸா என்று முடிவு செய்வது நாம். விதை முளைத்தால் நமக்கு மகிழ்ச்சி, முளைக்காவிட்டால் நமக்குப் படிப்பினை. நாள் முழுக்க அடுத்தவர் கணக்குக்கு வேலை செய்த கைகள், அரை மணி நேரம் தம் சொந்தக் கணக்குக்கு வேலை செய்கின்றன. அந்த அரை மணி நேரத்தின் நிம்மதியை எந்தச் செக்ரோலிலும் எழுத முடியாது.

அறிவும் அங்கே இருக்கிறது. தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும்; கோவாவுக்கும் பீட்ரூட்டுக்கும் பிடிக்காது. அதனால் அடுப்புச் சாம்பலையோ டொலமைட்டையோ போட்டுக் கொத்தி, சில வாரம் விட்டுத்தான் நாற்று நடுகிறோம். சாணத்தைப் பச்சையாகப் போடாமல் மக்க வைத்துப் போடுகிறோம். மேரக்காயை விதை எடுத்து நட முடியாது, முளைவிட்ட காயை முழுதாகவே நட வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். சரிவில் கல் அடுக்கிப் படி கட்டுகிறோம். பெருமழைக்கு முன் வாய்க்கால் எடுக்காவிட்டால் ஒரே இரவில் மண் எல்லாம் ஆற்றுக்குப் போய்விடும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. "படிக்காத தொழிலாளி" என்று நம்மைச் சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து நம் பாத்தியைப் பார்க்கட்டும்.

அந்தப் பாத்தி நம்மைக் காப்பாற்றியும் இருக்கிறது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று தடை செய்தபோது பெரிய மரக்கறிச் செய்கையாளர்கள் திண்டாடினார்கள். 2022 இல் மா விலை ஏறிய ஏற்றத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ரொட்டி குறைந்த அந்த நாட்களில் கீரையும் மேரக்காயும் உருளைக்கிழங்கும் பல காம்பராக்களில் அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டன. பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு கிண்ணம் கறி போனதும் அந்தப் பாத்தியிலிருந்துதான்.

இவ்வளவு நல்ல கதையில் கசப்பு எங்கே வருகிறது என்பதையும் சொல்கிறோம்.

எங்கள் லயத்துத் தொங்கல் காம்பராவில் ஓர் அம்மாயி இருக்கிறார். பேர் வெட்டி ஓய்வெடுத்துப் பல வருடமாகிறது. லயத்துக்கு மேலே, கல்லும் கட்டையுமாகக் கிடந்த ஒரு துண்டைத் திருத்தி லீக்ஸும் கெரட்டும் போட்டார். ஓரத்தில் ஒரு மேரக்காய்ப் பந்தல், பக்கத்தில் நாலு ரோஜாச் செடி. "ரோஜாவைத் தின்ன முடியுமா அம்மாயி?" என்று நாங்கள் கேலி செய்வோம். "பார்க்கலாம்ல" என்பார். கடந்த வருடம் ஒரு நாள் காலைப் பெரட்டில் சொன்னார்கள்: அந்தத் துண்டில் விறகு மரம் நடப் போகிறார்கள், மாத முடிவுக்குள் எல்லோரும் பாத்திகளை வெறுமையாக்க வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ச்சொல்தான். அம்மாயி விரல் பருமன்கூட ஆகாத லீக்ஸைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாக லயம் முழுக்கக் கொடுத்தார். அழவில்லை. "நம்ம மண்ணுன்னு நெனச்சது நம்ம தப்புதானே" என்று மட்டும் சொன்னார்.

தோழர்களே, அது அவருடைய தப்பு இல்லை. தலைவரும் கமிட்டியும் ஒப்பீசுக்குப் போய்ப் பேசினோம். அறுவடை முடியும் வரை தவணை கிடைத்தது. அம்மாயிக்கு அது பிந்திவிட்டது. மற்றவர்கள் பயிரை எடுத்துக்கொண்டார்கள். பிறகு மரம் நட்டார்கள். "அந்த நிலம் உங்களுடையது என்று என்ன அத்தாட்சி?" என்று கேட்டபோது நம்மிடம் காட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்லை.

இந்த மலைகளில் கோப்பிக் காலத்திலிருந்து நம் முன்னோர்கள் காடு வெட்டினார்கள். 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை வர்த்தகப் பயிராக நடப்பட்ட நாளிலிருந்து கொழுந்து எடுத்து வருகிறோம். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. எழுபதுகளில் காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. இத்தனை கைமாற்றம் நடந்தும் லயத்தில் இருப்பவர்களின் பெயருக்கு லயத்துப் பின்புறம் எழுதப்படவில்லை. அம்மாயியின் ரோஜாச் செடிக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு.

இப்போது "எளிமையான வாழ்க்கை" பற்றிப் பேசுவோம். வெளியிலிருந்து வருகிறவர்கள் சிலர் நம் மலையையும் பாத்தியையும் பார்த்து, "நீங்கள் எவ்வளவு எளிமையாக, இயற்கையோடு வாழ்கிறீர்கள்! பட்டணத்தில் எங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லையே" என்கிறார்கள். அவர்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் படுப்பது எளிமை இல்லை, நெருக்கடி. மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழே பாத்திரம் வைப்பது எளிமை இல்லை. வேண்டாம் என்று ஒதுக்க ஒருவருக்கு வழி இருக்கும்போதுதான் அதற்கு எளிமை என்று பெயர். கிடைக்காததால் இல்லாமல் இருப்பதற்குப் பெயர் வறுமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இன்னொரு குரலும் கேட்கிறது. "மரக்கறி சொந்தமாகப் போடுகிறீர்கள், விறகு இருக்கிறது, செலவு குறைவுதானே, எதற்குச் சம்பள உயர்வு?" நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர 2021 வரை நாம் எத்தனை வருடம் தெருவில் நின்றோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் போராட்டத்தின் நடுவிலும் இந்தப் பேச்சைக் கேட்டோம். அதற்கு எங்கள் பதில் சுருக்கமானது. பாத்தி நம் சம்பளத்தின் ஒரு பகுதி அல்ல. ஓய்வு நேரத்தில், சொந்த உடம்பைச் செலவழித்து நாம் உண்டாக்கிய மேலதிகம் அது. அதைக் காட்டிச் சம்பளத்தில் ஒரு சதம்கூடக் குறைக்க முடியாது.

ஆனால் இதற்காக நம்மில் சிலர் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். "உரிமை எல்லாம் கிடைக்கட்டும், அதற்குப் பிறகு பூவும் செடியும் கனவும் பார்க்கலாம்" என்கிறார்கள். அதையும் நாங்கள் ஏற்கவில்லை. நம் பாட்டிமார் கொழுந்து எடுத்துக்கொண்டே பாடினார்கள். சம்பளம் சரியாகும் வரை பாட்டைத் தள்ளிப் போடவில்லை. வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அந்தப் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார், தொழிற்சங்க வேலை செய்தார், கவிதையும் கதையும் எழுதினார். சங்கம் ஒரு பக்கம், கனவு ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. நாமும் பிரிக்கத் தேவையில்லை.

நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கனவு இருக்கிறது, வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. கூட்டத்தில் கேட்டபோது மெல்ல மெல்ல வந்தது. ஒருவருக்கு ஒரு தையல் மெசின் வேண்டும். ஒருவர் எட்டாம் வகுப்பில் விட்ட படிப்பைத் தொடர ஆசைப்படுகிறார். ஒருவர் தன் மகளைப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கு அனுப்பி ஆசிரியையாகப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், "எனக்கு ஒரு கதவு வேண்டும், அதை நான் உள்ளே இருந்து சாத்திக்கொள்ள வேண்டும்" என்றார். சிரிக்கத் தொடங்கிய நாங்கள் பாதியில் நிறுத்திவிட்டோம். பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். ஆனால் அந்தக் காசு கைக்கு வரும் முன்பே அதற்குச் செலவு காத்திருக்கிறது. கடன், கலியாணம், வைத்தியம் எல்லாம் போன பிறகு, உழைத்தவளின் கனவுக்கு ஒரு தையல் ஊசிகூட மிஞ்சுவதில்லை.

ஆகவே சந்தோசம் மனதில் இருந்தால் போதும் என்ற பேச்சு பாதி உண்மைதான். அது வேர்விட மூன்று விடயங்கள் வேண்டும்: நிலம், நேரம், தண்ணீர். இவை மூன்றும் கோரிக்கைப் பட்டியலில் சேர வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதலாவது, நிலம். வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் என்ற திட்டத்தை நாம் அறிவோம். ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு போக, பாதையும் கானும் போக, மிஞ்சுவதில் நல்ல பாத்திகள் போடலாம். ஆனால் வீடு கிடைத்தவர்கள் சிலரே. அவர்களிலும் பலர் உறுதிப்பத்திரத்துக்குக் காத்திருக்கிறார்கள். லயத்தில் இருப்பவர்களுக்கோ எதுவும் இல்லை. வீடும் உறுதியும் வரும் வரை, இன்று நாம் பயிரிடும் துண்டுகளை அளந்து, பெயர் எழுதி, பயிர் நிற்கும்போது வெளியேற்ற மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். கணவன் பெயரில் மட்டும் போதாது, மனைவி பெயரும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். நாளுக்கு நாள் கிலோவை ஏற்றிக்கொண்டே போனால் பாத்திக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை, புத்தகத்துக்கும் இல்லை. கிலோ கணக்கைப் பற்றிப் பேசும்போது உடம்பின் களைப்பை மட்டுமல்ல, பின்னேரத்தின் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். பீலி காயும் மாதங்களில் குடிக்கவே சண்டை. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தாங்கி கேட்பது ஆடம்பரம் இல்லை.

நமக்கு நாமே சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. பாத்தி வேலையும் பெண்கள் தலையில் மட்டும் விழுந்தால் அது சந்தோசம் இல்லை, மூன்றாவது பேர். மலையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, பாத்தியில் ஒன்று. அண்ணன்மாரே, தம்பிமாரே, பின்னேரம் தவறணைப் பக்கம் திரும்பும் கால்களைக் கொஞ்சம் பாத்திப் பக்கம் திருப்புங்கள். அல்லது அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் பாத்திக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முழம் இடம் கொடுத்து, விரும்பியதை நடச் சொல்லுங்கள். சொந்தமாக ஒன்றை வளர்த்துப் பார்த்த பிள்ளை, பிறகு தன் உரிமையைக் கேட்கவும் தயங்காது.

கடைசியாக அம்மாயியைப் பற்றி. ரோஜாச் செடிகளை அவர் தகர டின்களில் பெயர்த்து இஸ்தோப்பில் வைத்திருக்கிறார். இரண்டு பட்டுப் போயின. இரண்டு தப்பிவிட்டன, ஒன்று மொட்டு விட்டிருக்கிறது. காலைப் பெரட்டுக்குப் போகும்போது எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறோம். அந்தச் செடி டின்னிலிருந்து இறங்கி மண்ணில் நிற்க வேண்டும். அதற்கு அம்மாயியின் பெயர் எழுதிய ஒரு துண்டு மண் வேண்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் டிவிசனிலும் இதை எழுப்புங்கள். யார் யார் எந்தத் துண்டில் என்ன பயிரிடுகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். எங்கள் கொப்பியை நாங்கள் தொடங்கிவிட்டோம். முதல் வரியில் அம்மாயியின் பெயர் இருக்கிறது.