சாமவையின் கொடையும் நமது பிழையும்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்தபின், சித்தூரில் வாழும் அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். "ஐயா, என் மகள் நன்றாக எழுதுகிறாள். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பொருள் ஈட்ட முடியுமா?" என்று வினவினார். முடியும், ஆனால் அதனால் மட்டும் அடுப்பெரியாது என்றோம். அவர் முகம் வாடிற்று. மகளுக்கென ஒரு சிறு வேலையைச் சொல்லி அனுப்பினோம். அன்று விரிவாகக் கூற இயலாததை இங்கு எழுதுகின்றோம்.

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் அவற்றை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1930-இல் வெளிவந்தது. கல்வெட்டுகளையும் தேவஸ்தானம் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தது. திருப்பதியைப் பற்றி எழுதுவோர் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, அவ்வுழைப்பின் மீதே நிற்கின்றனர்.

நாமும் நின்றோம், வழுக்கியும் விழுந்தோம். பல்லவர் குலத்து அரசி சாமவை, திருவேங்கடமுடையானுக்கு வெள்ளித் திருமேனி ஒன்று செய்தளித்து, நிலமும் விட்ட செய்தியை ஒரு திங்களிதழுக்கு எழுதினோம். ஒரு நூலைப் பார்த்து, தொடக்கத்தில் 614-ஆம் ஆண்டு என்றோம். வேறொரு நூலைப் பார்த்து, முடிவில் 966 என்றோம். ஒரே கட்டுரையில் அரசியாரை முந்நூற்றைம்பத்திரண்டு ஆண்டுகள் வாழவைத்துவிட்டோம்! இரயில்வேயில் பணிபுரியும் நாமே ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரு வண்டிகளை விட்டது போலாயிற்று. வாசகர் ஒருவர் அதனைச் சுட்டி எழுதினார். சன்மானம் ஆயிரம் ரூபாய் வந்தது. பேருந்துக்கும் ஜெராக்ஸ் படிகளுக்கும் ஆன செலவு 640 போக எஞ்சியது 360. ஆனால் அவ்விதழில் நமது அடுத்த கட்டுரை ஏற ஈராண்டு ஆயிற்று. ஆகவே இழந்தது எவ்வளவு என்பதை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

பின்னர்ப் பதிப்பித்த கல்வெட்டைப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. கல்லில் இருப்பது மன்னனின் பதினான்காம் ஆட்சியாண்டு மட்டுமே. கிறித்தவ ஆண்டு பிற்காலத்தார் கணித்தது. கணிப்போர் வேறுபட்டால் ஆண்டும் வேறுபடும். அதனை அவ்வண்ணமே எழுதியிருப்பின் கட்டுரைக்குப் பெருமையே சேர்ந்திருக்கும். கல்லையே நேரில் பார்த்து எழுதலாமே என்பீர்கள். திருமலைக் கோயிலுக்குள் கைப்பேசிக்கு இடமில்லை. தரிசன வரிசையில் நின்று சுவரை வாசிக்கவும் விடமாட்டார்கள். அச்சிட்ட தொகுதியே நமக்குக் கதி.

சித்தூரைப் பற்றி எழுதப் புகுவோர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். 1911 வரை அவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. ஆகவே பழைய செய்திகளை வட ஆர்க்காடு என்னும் தலைப்பிலேயே தேடவேண்டும். காக்ஸ் தொகுத்த 1881-ஆம் ஆண்டு மாவட்டக் கையேடு அத்தகையது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இன்னும் பலர் அதனைச் சித்தூர் மாவட்டத்திலேயே வைத்து எழுதுகின்றனர்.

இனிப் பொருளைப் பற்றி. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு முறை திரட்டிய செய்திகளைக் கொண்டு இரு மொழிகளிலும் வெவ்வேறு கட்டுரைகள் எழுதலாம். வரலாற்றுச் செய்தி எவருக்கும் உடைமையன்று. அதனை எழுதும் நடையே எழுதியவருக்கு உரியது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து மூலமாக அன்றி அவ்வுரிமை பிறர்க்கு மாறாது. காலம் குறிக்காமல் எழுதிக் கொடுத்தால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். ஆதலின் கையொப்பமிடுமுன் படித்துப் பாருங்கள். சன்மானம் எவ்வளவு, எப்போது என்பதையும் முன்னதாகவே கேளுங்கள். கேட்பதற்கு நாணுவோர் பலர். நாமும் அவர்களுள் ஒருவராக இருந்தோம்.

அன்பரின் மகளுக்குச் சொன்ன வேலை இதுதான்: சாமவையின் ஆண்டைக் கூறும் மூன்று நூல்களைத் தேடி, ஒவ்வொன்றும் அதனை எங்கிருந்து பெற்றது என்று கண்டுவர வேண்டும். சென்ற ஞாயிறன்று தந்தையாருடன் நம் இல்லம் வந்தாள். இரண்டு நூல்கள் ஒன்றையே பார்த்து எழுதப்பட்டவை என்றாள். மூன்றாவதில் ஆதாரமே காணோம் என்று சிறிது சினத்துடன் கூறினாள்.