தட்டாமலே திறந்த கதவு

தம்பி!

இட ஒதுக்கீட்டின் வழியே ஓர் ஏழை மாணவன் மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைத்தால், "சலுகையால் வந்தவன்" என்று ஏளனம் பேசுகின்றனர். பேசட்டும். ஆனால், சலுகை என்பது எது, அதைத் தலைமுறை தலைமுறையாக நுகர்ந்து வந்தோர் யார் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டாமா?

வரலாற்றைப் புரட்டிப் பார். 1950-ஆம் ஆண்டு. குடியரசின் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து சில திங்களே ஆகியிருந்தன. சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அந்த ஆணை செய்த கொடுமைதான் என்ன? 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆங்கிலோ-இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. நூற்றுக்கு மூவர் அளவே இருந்தோர்க்கு ஏழில் ஒரு பங்கு! தொகைக்கு நான்கு மடங்குக்கும் மேலாகக் கிடைத்தது. அதையும் அநீதி என்றனர்!

வழக்காடிய செண்பகம் துரைராசன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை. ஆயினும் நீதிமன்றத்தின் கதவு திறந்தது. 1951-இல் உச்சநீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது, பெரியார் போர்க்கொடி உயர்த்தினார், அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன் முறையாகத் திருத்தப்பட்டது.

தம்பி! தட்டாமலே திறந்த கதவு, உள்ளே நுழைந்தவன் கண்ணுக்குக் கதவாகவே தெரிவதில்லை. பிறர் அதைத் தட்டும் ஓசைதான் அவனுக்குக் குழப்பமாகக் கேட்கிறது. சலுகையின் இலக்கணம் இதுவே.

"உயர்சாதியில் ஏழை இல்லையா?" என்பர். உண்டு. அவர் பசியும் பசிதான். அதைத் தீர்ப்பது அரசின் கடமை. ஆனால் பணமின்மை வேறு, சாதி இழிவு வேறு. பணம் வந்தால் வறுமை போகும்; சாதி போகுமா? 2019-இல் கொணர்ந்த 10 விழுக்காட்டு ஒதுக்கீடு ஆண்டு வருவாய் 8 இலட்சத்துக்குக் குறைந்தவரை ஏழை என்றது. ஆனால் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்களின் ஏழைகளை அந்த வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. 2022-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் மூவர் அதை ஏற்றனர், இருவர் மறுத்தனர். ஏழைக்கும் சாதி பார்க்கும் அந்தச் சட்டத்துக்குச் சமநீதி என்று பெயராம்!

இத்தனையும் மேடையில் முழங்குவது எளிது. இனிச் சொல்லப்போவதுதான் கசக்கும். நம் சிற்றூர்த் தேநீர்க் கடையில் சேரித் தோழனுக்கெனத் தனிக் குவளை வைத்திருந்தபோது, மறுபுறம் அமர்ந்து பருகியவர் யார்? அக்கிரகாரத்தாரா? நம்மவர்தாமே! கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி மூச்சடைத்து மாள்பவர் எந்தத் தெருவினர்? நம் தெருவினரா? 2009-இல் கலைஞர் அரசு அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது ஏன்? ஒடுக்கப்பட்டோருள்ளும் கடைசி வரிசை ஒன்று உண்டு என்பதனால் அன்றோ? அத்தகைய உட்பிரிவு செல்லும் என்று 2024-இல் உச்சநீதிமன்றமும் உரைத்தது.

ஆகவே தம்பி, மேலே இருப்பவனை நோக்கிக் கேட்கும் கேள்வியை, கீழே நிற்பவன் நம்மை நோக்கிக் கேட்கும்போது சினம் கொள்ளாதே. சினந்தால், 1950-இல் வழக்காடியோருக்கும் நமக்கும் வேறுபாடில்லை. நமக்குத் திறந்த கதவைப் பின்னால் வருபவனுக்காகப் பிடித்துக்கொண்டு நில். சமூகநீதிப் படையின் வீரனுக்கு அதுவே அழகு!