மீண்டும் வந்த விளம்பரம்: கேட்பதா, விடுவதா?

விண்ணப்பம் அனுப்பி, நேர்முகத் தேர்வுக்கும் சென்று வந்த ஒரு வேலை, சில வாரங்கள் கழித்து அதே பதவிப் பெயருடன் மீண்டும் விளம்பரமாகிறது. "நம்மை வேண்டாம் என்றுதானே மறுபடியும் ஆள் தேடுகிறார்கள்; விட்டுவிடு" என்கிறார் வீட்டில் ஒருவர். "இடம் இன்னும் காலியாகத்தானே இருக்கிறது, போய்க் கேள்" என்கிறார் மற்றொருவர். இரண்டிலும் நியாயம் உண்டு. எனினும், கேட்பதே சரி என்பது நம் கருத்து. ஒருமுறை மட்டும், எழுத்தில், காலவரம்பு வைத்துக் கேட்க வேண்டும். அதற்குப் பின் வேறு வழி பார்க்க வேண்டும்.

கோலார் தங்கவயலின் பாலகாட் பகுதியில் இக்கேள்வியின் கனம் அதிகம். பாலகாட் என்பதே ஒரு சுரங்கத்தின் பெயர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் வருகையோடு பெருகிய தங்கத் தொழிலை நம்பி, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இங்கு ஏராளம். சுரங்கம் இயங்கிய காலத்தில் தந்தையும் மாமனும் கைபிடித்து அழைத்துச் சென்று பிள்ளைகளை வேலையில் சேர்த்த குடும்பங்கள் பல. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் நிறுத்தப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டது. இன்று மாரிகுப்பத்தில் புறப்படும் ரயில்களில் விடியும் முன்பே ஏறி, பங்காருபேட்டை வழியாகப் பயணம் செய்து, பெங்களூருவில் வேலை தேடுவோரும் வேலை பார்ப்போரும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுக்கு ஒரு நேர்முகத் தேர்வு என்பது ஒரு நாள் கூலி இழப்பு, பயணச் செலவு, சில வேளைகளில் திரும்பி வராத தேர்வுக் கட்டணம். அதே வேலைக்கு இரண்டாம் முறை முயல்வதா என்பது அவர்கள் வீட்டில் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

கணக்குப் போடுமுன் காரணம் தெரிய வேண்டும். தனியார் நிறுவனங்களில் ஒரு விளம்பரம் மீண்டும் வரப் பல காரணங்கள் உண்டு. தேர்வானவர் சேராமல் போயிருக்கலாம். சேர்ந்தவர் ஒரே மாதத்தில் விலகியிருக்கலாம். கூடுதல் ஆட்கள் தேவைப்பட்டிருக்கலாம். இணையதளத்தில் பழைய விளம்பரமே புதுத் தேதியுடன் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். ஒரே இடத்துக்கு இரண்டு ஆள்சேர்ப்பு முகவர்கள் தனித்தனியே விளம்பரம் செய்திருக்கலாம். முதல் சுற்றில் வந்த எவரும் பொருந்தவில்லை என்பதும் ஒரு காரணமே. ஆனால் அதை மட்டுமே காரணமாக எடுத்துக்கொண்டு மனம் சோர்வது தேவையற்றது.

அரசுப் பணிகளிலும் பொதுத்துறையிலும் காரணம் பெரும்பாலும் அறிவிப்பிலேயே இருக்கும். முந்தைய அறிவிப்பு ரத்தாகியிருக்கலாம். தகுதி விதி மாறியிருக்கலாம். இடங்களின் எண்ணிக்கை கூடியிருக்கலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் நிரம்பாத இடங்கள் மறு ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறப்பு அறிவிப்பாக வருவதும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் 81-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் இத்தகைய நிலுவை இடங்களைத் தனி வகையாகக் கருத இடமளித்தது. அப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் "இது பழைய வேலைதானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. அந்த இடம் அவர்களுக்காகவே காத்திருப்பதாக இருக்கலாம்.

ஆகவே, பழைய விளம்பரத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் படிப்பதே முதல் வேலை. இடங்களின் எண்ணிக்கை, கல்வித் தகுதி, வயதைக் கணக்கிடும் தேதி, சம்பளம், பணியிடம் ஆகியவற்றில் எது மாறியுள்ளது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வயது வரம்பின் விளிம்பில் நிற்பவருக்கு அந்தத் தேதி ஒன்றே முடிவைச் சொல்லிவிடும். மொழித் தகுதியும் அப்படியே. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்கு, விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழியில் தேர்ச்சி கேட்கப்படுகிறது. கர்நாடகத்து இடங்களுக்கு முயலும் தங்கவயல் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கன்னடத்தை எழுதவும் படிக்கவும் வர வேண்டும். பேச்சு மட்டும் போதாது. முதல் முறை அதில் தடுமாறியவர், இடைப்பட்ட மாதங்களில் அதைச் சரிசெய்திருந்தால் இரண்டாம் விளம்பரம் அவருக்கு உண்மையான வாய்ப்பு. எதுவும் மாறாமல் மீண்டும் செல்பவர், முடிவும் மாறாமல் போகக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"முன்னரே விண்ணப்பித்தவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை" என்ற வரி அறிவிப்பில் இருக்கிறதா, அல்லது "புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்" என்று இருக்கிறதா என்பதைத் தேடிப் பார்ப்பது அடுத்த வேலை. இந்த ஒரு வரியைக் கவனியாமல் வாய்ப்பை இழப்போரும் உண்டு. வீணாக இரண்டாம் கட்டணம் செலுத்துவோரும் உண்டு.

உரிமையின் எல்லையையும் அறிந்துகொள்வது நல்லது. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தமையாலேயே ஒருவருக்குப் பணி நியமனம் பெறும் அசைக்க முடியாத உரிமை வந்துவிடாது என்று, சங்கர்சன் தாஸ் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, இடங்களை நிரப்பாமல் விடும் முடிவை அரசு மனம்போன போக்கில் எடுக்க முடியாது என்றும் கூறியது. இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். வேலையைக் கொடுத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. ஏன் நிரப்பவில்லை என்று கேட்கலாம். அரசு அலுவலகம், பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றில் இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உதவும். மத்திய அரசின் நிறுவனங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அதுவும் இல்லை. பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

தனியார் நிறுவனத்துக்கு ஒரு சிறு கடிதமோ மின்னஞ்சலோ போதும். "இப்பதவிக்கு இன்ன தேதியில் நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டேன். மீண்டும் விளம்பரம் வந்திருப்பதைக் கண்டேன். என் முந்தைய விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளதா, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா எனத் தெரிவிக்க வேண்டுகிறேன். அதன்பின் இன்ன பயிற்சியை முடித்துள்ளேன்." இதில் கெஞ்சலும் இல்லை, குறைகூறலும் இல்லை. மானம் போய்விடும் என்று அஞ்சவும் எதுவும் இல்லை. பத்து நாள்கள் காத்திருக்கலாம். விளம்பரத்தின் கடைசித் தேதி அதற்கு முன்பே வந்தால், பதிலை எதிர்பாராமல் புதிதாக விண்ணப்பித்துவிட வேண்டும். பதிலே வராவிட்டால் அதையே பதிலாகக் கொள்ளலாம். வாரந்தோறும் தொலைபேசியில் அழைப்பதாலும், வாயிலில் போய் நிற்பதாலும் கதவு திறப்பது அரிது.

கேட்காமலே விடவேண்டிய இடங்களும் உண்டு. மாதம் தவறாமல் விளம்பரம் வருமானால், அங்கே ஆள் நிலைப்பதில்லை என்று பொருளாக இருக்கலாம். அதே ரயிலில் பயணம் செய்வோரிடம் விசாரித்தால் சம்பளம் நாளில் வருகிறதா, இரவுப் பணிக்கு வாகனம் உண்டா என்பது தெரிந்துவிடும். வைப்புத்தொகை கேட்கும் இடத்தையும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தையும் முதல் முறையே ஒதுக்கிவிடுவது நல்லது.

வங்கி வாடிக்கையாளர்கள் என்ற முறையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீண்டும் வரும் விளம்பரம் இடைத்தரகர்களுக்கு நல்ல அறுவடைக் காலம். "போன முறை கொஞ்சத்தில் தவறிவிட்டது, இம்முறை உள்ளே ஆள் இருக்கிறார்" என்ற பேச்சை நம்பி, நகையை அடகு வைத்தும் நிரந்தர வைப்பை உடைத்தும் பணம் தந்தவர்களின் துயரம் நாம் அறியாததன்று. முறையான எந்த நிறுவனமும் வேலை தருவதற்குப் பணம் கேட்பதில்லை. வேலை என்ற பெயரில் நம் வங்கிக் கணக்கின் வழியே பிறர் பணத்தை அனுப்பித் தரச் சொன்னால், அது குற்றத்துக்குத் துணைபோகும் செயலாகிவிடும். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் உடனே வங்கிக் கிளைக்குத் தெரிவிப்பதோடு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

சுரங்கம் மீண்டும் திறக்கும் என்ற பேச்சைத் தங்கவயல் கால் நூற்றாண்டாகக் கேட்டு வருகிறது. அதை நம்பி முடிவுகளைத் தள்ளிப்போட்ட வீடுகளுக்கு, எல்லையற்ற காத்திருப்பின் விலை தெரியும். நம் பிள்ளைகள் ஒரு விளம்பரத்துக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பத்து நாள் காத்திருக்கும்போதே அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கட்டும். பெற்றோர் அவர்களிடம் "என்ன ஆயிற்று?" என்று நாள்தோறும் கேட்பதை விடுத்து, "அடுத்து எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று கேட்கட்டும்.