ஓடுந் தேருக்கு அச்சு மாற்றல்

இரவும் பகலும் ஓயாது பலர்க்கு ஊழியஞ் செய்யும் கம்ப்யூட்டரைச் சர்வர் என்பர். அதன் இயங்குதளத்தில் குற்றங்கள் அவ்வப்போது வெளிப்படுதலும், அவற்றைக் களைந்த புதிய மூலநிரல் வெளிவருதலும் இயல்பு. அதனை ஏற்றுப் புதுப்பிக்கும் விஷயத்தில் இரு கட்சியார் உளர். "ஓடுகின்றதைத் தொடுவானேன்?" என்பர் ஒருசாரார், "இக்கணமே செய்க" என விரைவர் மற்றொருசாரார். இருவரும் தவறுகின்றனர் என்பது எமது துணிபு.

முதற் கட்சியார் ஒன்றை மறந்தனர். குற்றம் இன்னதென்று வெளியிடப்பட்ட அன்றே கள்வனும் அதனை வாசிக்கின்றான். தாழ் உடைந்த கதவைச் சாத்திவைத்தல் காவலாகாது.

இனி விரைவோரை நோக்குவோம். 1993-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த பிரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தை உதாரணமாகக் கொள்க. அதன் மூலநிரலோடு 'அப்டேட்டிங்' என்னும் குறிப்பேடு வருகின்றது. அதனை வாசியாது தொடங்குவோன் வழி கேளாது காடு புகுவோனாவான். நிரலைத் தொகுத்தல் தனியிடத்தில் நிகழ்வதாதலின், சர்வர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதனைச் செய்யலாம். சிறிது வேகங் குறைவதன்றி வேறு கேடில்லை. அபாயம் நிறுவுதலில் உளது.

அங்கே முறைமையே உயிர். முதலில் கெர்னலை மாத்திரம் நிறுவி, கம்ப்யூட்டரை மீண்டுந் தொடக்கிப் பார்த்தல் வேண்டும். பழைய கெர்னல் அழியாது பக்கத்திலேயே இருத்தலின், புதியது தவறினும் அதற்குத் திரும்பலாம். புதிய கெர்னல் செவ்வனே நின்ற பின்னரே ஏனைய நிரல்களை நிறுவுதல் தகும். ஏனெனில், புதிய கெர்னல் பழைய நிரல்களைப் பெரும்பாலும் தாங்கும். பழைய கெர்னலோ புதிய நிரல்கள் கேட்கும் பணிகளை அறியாது மயங்கும். முறை பிறழின் எளிய கட்டளையும் இயங்காது போதல் கூடும். பின்னர் அமைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி இணைக்க வேண்டும். ஈண்டு அசட்டை செய்தோர், கடவுச்சொற்கோப்பை இழந்து தம் வீட்டுக்கே புகமாட்டாது வாயிலில் நின்றதுண்டு. பழைய நூலகக் கோப்புகளை நீக்குதல், அவற்றைச் சார்ந்த நிரல்களை மறுபடி தொகுத்த பின்னரே ஆகும்.

இத்துணையும் பொறியைப் பற்றியது. இதனினும் பெரியது மனிதரைப் பற்றியது. பிறருடைய கடிதங்களும் கணக்குகளும் அச்சர்வரில் உள. ஆதலின், வேறொரு கம்ப்யூட்டரில் ஒத்திகை பாராமலும், நகலெடுத்து அந்நகலைத் திரும்ப ஏற்றிச் சோதியாமலும், பயன்படுத்துவோர்க்கு நேரத்தை முன்னரே அறிவியாமலும் தொடங்குதல் துணிவன்று. பிறர் பொருளை வைத்துச் சூதாடுதலாம். தொலைவிலிருந்து இயக்குவோன், வலைத்தொடர்பு அற்றுப்போயினும் சர்வரை அணுகும் வழி தனக்கு உண்டா என்று முதலில் வினவிக்கொள்க. இல்லையேல் கை வையாதொழிக.

சர்வரைக் காப்போன் அதற்கு எஜமானனல்லன், உக்கிராணக்காரனே. அஞ்சிப் புதைத்துவைத்தலும் அவனுக்கு அழகன்று; ஆராயாது செலவிடுதலும் அழகன்று. திரும்பும் வழியை முன்னர் அமைத்துப் பின்னர் அடியெடுத்து வைத்தலே அவன் கடன்.