ருசி பார்க்க வருகிறவர்களுக்கு

காப்பித்தோட்டம் பார்த்தேன், உள்ளூர் பானங்களை ருசித்தேன் என்று பயணக்கட்டுரை எழுதுகிறவர்கள் பெருத்துப்போனார்கள். பனிமூட்டம் உண்டு, பச்சை உண்டு, கருப்பட்டி போட்ட கடுங்காப்பி உண்டு. மனுஷர்தான் இல்லை. இருந்தாலும் கூடை சுமந்து சிரிக்கிற போட்டோவாகத்தான் இருக்கிறார்கள்.

நாஞ்சில் நாட்டின் தலைமாட்டில் நிற்கிற அசம்பு மலையில் 1860களில் வெள்ளைக்காரத் துரைமார் காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். அதற்குச் சில வருஷம் முன்னால்தான், 1855இல், திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்ததாகக் காகிதத்தில் எழுதியது. அதுவரை புலையரும் பறையரும் விற்று வாங்கப்பட்ட சரக்கு. காகிதம் விடுதலை தந்தது, நிலம் தரவில்லை. நிலமில்லாதவருக்கு மலையும் ஒன்றுதான், கடலுக்கு அப்பாலும் ஒன்றுதான்.

இலங்கைக் காப்பித்தோட்டங்களுக்குக் காடுவழியே நடந்துபோன தமிழ்க் கூலிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1869இல் அங்கே இலைத்துரு நோய் வந்தது. காப்பி அழிந்தது, துரை தேயிலைக்கு மாறினான். கூலி கூலியாகவே இருந்தார். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இரண்டு அரசாங்கங்கள் ஆட்களைப் பங்குபோட்டன. அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் குமரி மாவட்ட அரசு ரப்பர் தோட்டங்களில் பால்வெட்ட வந்தார்கள். உங்க டம்ளருக்குள்ளே கிடக்கிற சரித்திரம் இது.

'உள்ளூர் பானம்' என்கிறீர்களே, எந்த உள்ளூர்? ஊரா, சேரியா? நான் சின்னப் பையனாக இருந்தப்போ எங்க பாட்டா சாயாக்கடைக்கு வெளியே குத்தவைத்துச் சிரட்டையில்தான் குடித்தார். கடைக்காரன் தொடாமல் உயர இருந்து ஊத்துவான், கையில் தெறிக்கும். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டப்பிரிவு 17 அப்போதும் இருந்தது. சிரட்டை போய்த் தனி கிளாஸ் வந்தது. இப்போ பேப்பர் கப்பைக் காட்டிச் சாதி போச்சு என்கிறார்கள். எச்சில் கிளாஸைக் கழுவ வேண்டாம் என்பதா சமத்துவம்?

மலைக்கு அந்தப் பக்கம் மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட காடு. உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களுக்காக 1999 ஜூலை 23இல் நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், ஒரு குழந்தை உட்பட. 2024இல் மிச்சமிருந்த தொழிலாளர்களிடம் 'விருப்ப ஓய்வு' கையெழுத்து வாங்கினார்கள். யாருடைய விருப்பம்? தலைமுறை தலைமுறையாக உழைத்தவருக்கு அந்த மலையில் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. நாளைக்கு அந்தக் காலி லயன்களைப் பார்த்து 'என்ன அமைதி!' என்று ஒருத்தர் எழுதுவார்.

பதநீர் கதையும் இதுதான். குடித்து மெச்சுகிறவர் பனையேறியின் நெஞ்சுத் தழும்பை எழுதுவதில்லை.

குடிக்காதீங்க என்று சொல்லவில்லை. நல்லாக் குடியுங்கள். எழுத உட்காருமுன் மூணே கேள்வி: இதைப் பறித்தவருக்குக் கூலி என்ன? அவர் படுத்திருக்கிற வீடு யார் பேரில் இருக்கிறது? கீழே ஊர்க்கடைப் பெஞ்சில் உங்க பக்கத்தில் உட்கார்ந்து அவரால் இதைக் குடிக்க முடியுமா? இதற்குப் பதில் தெரியாமல் எழுதுகிற ருசி, பாதி ருசிகூட இல்லை.