அன்புஜோதி வழக்கும் சட்டக் கல்வியும்

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமத்திலிருந்து மனநலம் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அங்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்ற ஆட்கொணர்வு மனுவே அதற்கு வழிவகுத்தது. சங்கிலியால் கட்டிவைத்தனர், பாலியல் வன்முறை நடந்தது எனப் புகார்கள் எழவே, வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது.

2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மடிந்தனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்கிறது. 65ஆம் பிரிவின்படி பதிவின்றி மனநல நிலையம் நடத்த இயலாது. 18ஆம் பிரிவு சாதிப் பாகுபாடற்ற சிகிச்சையையும், 27ஆம் பிரிவு இலவசச் சட்ட உதவியையும் உரிமையாக்குகின்றன. ஆயினும் பார் கவுன்சில் வகுத்த கட்டாயப் பாடங்களில் இச்சட்டத்திற்குத் தனித் தாள் இல்லை.

விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் பயின்று நாளை திண்டிவனம் நீதிமன்றத்தில் வழக்காடப்போகும் மாணவர், இதனை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பதை அரசுத் தரப்பு நிறுவியாக வேண்டும். தெருவிலிருந்து அழைத்துவரப்பட்டு, பெயரும் ஊரும் பதியப்படாத ஒருவருக்கு அதை எவ்வாறு நிறுவுவது? சாதி தெரியாதென்றால் வன்கொடுமைப் பிரிவும் இல்லை, நிவாரணமும் இல்லை. குடும்பத்தைத் தேடிச் சான்று பெறும் பணி விசாரணையின் தொடக்கத்திலேயே நடைபெற வேண்டும். அதற்கு மனுத் தாக்கல் செய்யத் தெரிந்த வழக்கறிஞர்கள் இம்மாவட்டத்திற்கு உடனடியாகத் தேவை.